மேட்டைத் தேடும் குமிழி

காலையில் காரைக் கிளப்பியதும் டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து சில நேரம் ஒரு சத்தம் வரும். வாய் குறுகிய குடத்தைச் சாய்க்கும்போது எழும் அதே ‘களக் களக்’. பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டால் தெளிவாகவே கேட்கும். அங்கே தண்ணீர் எப்படி வந்தது என்று தோன்றும். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின் ஒரு கிளை அந்த இடம்வரை வந்துதான் திரும்புகிறது. குடத்துக்குள் களகளப்பது எதுவோ அதுதான் இங்கும் களகளக்கிறது: திரவத்துக்கு நடுவே மாட்டிக்கொண்ட காற்று.

ஒர்க்‌ஷாப்பில் போய்ச் சொன்னால், “ஏர் பிடிச்சிருக்கு சார், எடுத்துடலாம்” என்பார் மெக்கானிக். காரின் முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி நிறுத்துவார். ரேடியேட்டர் வாயில் ஒரு புனலைச் செருகித் திரவத்தை மெதுவாக ஊற்றுவார். தடித்த ரப்பர் ஹோஸைப் பால் கறப்பதுபோல் அமுக்கி அமுக்கி விடுவார். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, புனலில் குமிழி வருவதைப் பார்த்தபடி நிற்பார். வேடிக்கை பார்ப்பவருக்கு இது கைப்பழக்கம் மாதிரிதான் தெரியும். ஆனால் அந்த ஒவ்வொரு அசைவுக்கும் பின்னால் பாடப்புத்தகத்தில் ஓர் அத்தியாயம் இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. ஒரு சிறிய கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 4 லிட்டர் பெட்ரோல் எரியும். அதில் அடங்கிய ஆற்றல் சுமார் 36 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியே புகையோடு போய்விடுகிறது. சக்கரத்துக்குப் போய்ச் சேருவது மூன்றில் ஒரு பங்கைவிடவும் குறைவு. இன்னும் சுமார் 10 யூனிட் வெப்பத்தை எஞ்சினிலிருந்து அள்ளிக்கொண்டுபோய் ரேடியேட்டரில் இறக்கியாக வேண்டும். குளியலறைக் கீசர் ஒன்று 2 கிலோவாட். அப்படி ஐந்து கீசர்கள் பானெட்டுக்குள் ஓயாமல் எரிகின்றன. அத்தனை சூட்டையும் சுமப்பது சுமார் 5 லிட்டர் கூலன்ட். இரண்டு பெரிய தண்ணீர் பாட்டிலும் ஒரு சின்ன பாட்டிலும் சேர்ந்த அளவு. எத்திலீன் கிளைகால் என்ற வேதிப்பொருளைத் தண்ணீரோடு கலந்த திரவம் அது.

அந்த 5 லிட்டரில் ஒரு டம்ளர் அளவு காற்று புகுந்தால் என்ன ஆகிவிடும்?

ஒரு பொருள் எவ்வளவு சூட்டைச் சுமக்க வல்லது என்பதை ‘வெப்ப ஏற்புத்திறன்’ என்பார்கள். இதில் தண்ணீர் ஒரு பயில்வான். காற்றோ சவலைப் பிள்ளை. ஒரு டம்ளர் தண்ணீர் ஒரு டிகிரி சூடேறும்போது வாங்கிக்கொள்ளும் வெப்பத்தைக் காற்று வாங்க வேண்டுமானால், ஏறத்தாழ 3,500 டம்ளர் காற்று தேவை. அதாவது வீட்டு இரும்பு பீரோ கிட்டத்தட்ட நிறையக் காற்று. வெப்பத்தைக் கடத்துவதிலும் அது தண்ணீரைவிட இருபது மடங்குக்கு மேல் மந்தம். கம்பளி நம்மைக் கதகதப்பாக வைத்திருப்பது நூலுக்கு இடையே அது பிடித்து வைத்திருக்கும் காற்றால்தான். எஞ்சினுக்குள் காற்று மாட்டிக்கொள்வது, குளிர்விக்க வேண்டிய இடத்துக்குக் கம்பளி போர்த்துவதற்குச் சமம்.

அதுவும் எந்த இடத்தில்? எஞ்சினின் தலைப்பகுதியில், மெக்கானிக்குகள் ‘ஹெட்’ என்று சொல்லும் இடத்தில். அதன் மறுபக்கத்தில் எரியும் வாயுவின் வெப்பம் ஒவ்வொரு வெடிப்பின் உச்சத்திலும் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. ஹெட் வார்க்கப்பட்ட அலுமினியக் கலவையோ 660 டிகிரியை எட்டும் முன்பே உருகிவிடும். சில மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினியச் சுவர் உருகாமல் நிற்பதற்கு ஒரே காரணம், அதன் முதுகில் திரவம் இடைவிடாமல் தடவிக்கொண்டு போவதுதான்.

தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துச் சூடு பார்ப்பவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். கல் அளவாகச் சூடேறியிருந்தால் துளி ‘சுர்’ரென்று காய்ந்துவிடும். அளவு மீறிக் காய்ந்திருந்தால் துளி காயாமல் உருண்டு உருண்டு ஆடும். 1756இல் ஜெர்மானிய மருத்துவர் லைடன்ஃபிராஸ்ட் இதை விவரித்து எழுதினார். மிகச் சூடான பரப்பைத் தொட்டதும் துளியின் அடிப்பாகம் ஆவியாகி, அந்த ஆவியே துளிக்கும் கல்லுக்கும் நடுவே மெத்தை விரித்துவிடுகிறது. பிறகு தண்ணீர் கல்லைத் தொடுவதே இல்லை. ஹெட்டிலும் காற்று தங்கிய இடத்தைச் சுற்றி உலோகம் எல்லை மீறிச் சூடேறினால் இதே நாடகம் நடக்கும். பக்கத்தில் வரும் கூலன்ட்டும் ஆவியாகும். காற்றுத் திட்டு பெருக்கும், சூடு இன்னும் ஏறும். கடைசியில் ஹெட் வளைந்துவிடும்.

இத்தனைக்கும் காற்றின் பெரிய குறும்பு இதுவல்ல என்பேன். அது பம்ப்பையே செயலிழக்க வைத்துவிடும்.

காரின் வாட்டர் பம்ப் ஒரு மையவிலக்கு பம்ப். உள்ளே இருக்கும் இறக்கைச் சக்கரம் சுழன்று, நடுவில் வரும் திரவத்தை ஓரத்துக்கு வீசி எறியும். அந்த வீச்சுதான் அழுத்தமாகிறது. இந்த வகைப் பம்ப்புக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. ஒரே வேகத்தில் சுழலும்வரை அது எதை வாங்கினாலும் ஒரே உயரத்துக்குத்தான் தள்ளும். தண்ணீரை 5 மீட்டர் உயரம் தள்ளுகிற பம்ப், காற்று நிரம்பினால் காற்றையும் 5 மீட்டர் தள்ளும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 5 மீட்டர் உயரக் காற்றின் கனம், வெறும் 6 மில்லிமீட்டர் தண்ணீரின் கனம்தான். அந்தச் சுண்டுவிரல் நக உயரத் தள்ளலை வைத்துக்கொண்டு எதையும் நகர்த்த முடியாது. சக்கரம் சுழலும், திரவம் நிற்கும்.

கிணற்று மேட்டில் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. குழாயின் அடியிலிருக்கும் புட்வால்வு ஒழுகித் தண்ணீர் இறங்கிவிட்டால் மோட்டார் இரைந்துகொண்டே இருக்கும், ஒரு சொட்டும் எடுக்காது. மேலே ஒரு குடம் தண்ணீர் ஊற்றி நிரப்பினால்தான் எடுக்கும். வயலில் இருக்கும் மோட்டாருக்கும் காருக்குள் உள்ளங்கையளவு இருக்கும் பம்ப்புக்கும் ஒரே குணம், ஒரே நோய், ஒரே மருந்து.

மூன்றாவது குறும்பு கொஞ்சம் வஞ்சகமானது. எஞ்சின் சூட்டைப் பார்த்துச் சொல்ல ஒரு சென்சார் உண்டு. சூடு ஏற ஏற மின்தடை குறைகிற ஒரு சிறு மணி அது. தன்னைத் தொட்டுக்கொண்டிருப்பது எதுவோ அதன் சூட்டை மட்டுமே அதற்குச் சொல்லத் தெரியும். கூலன்ட் விலகி அந்த இடத்தில் காற்று நின்றால், ஹெட் கொதித்துக்கொண்டிருக்கும்போதே மீட்டர் முள் இறங்கிக் காட்டும். சூடான திரவத்தின் ஓர் அலை வந்து தொட்டதும் சட்டென்று துள்ளும். காரணம் இல்லாமல் முள் ஏறி இறங்கினால், ‘சென்சார் போய்விட்டது’ என்று முடிவு கட்டுவதற்கு முன் காற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

சரி, இந்தக் காற்று எங்கே போய் ஒளிகிறது? கொத்தனாரின் ரசமட்டத்தைப் பாருங்கள். அதன் குமிழி எப்போதும் உயர்ந்த பக்கம்தான் ஓடும். தண்ணீர் பள்ளத்தைத் தேடும். தண்ணீருக்குள் அகப்பட்ட காற்று மேட்டைத் தேடும். மேலே போக வழி திறந்திருந்தால் அது தானாகவே போய்விடும், யாரும் துரத்த வேண்டியதில்லை. தொல்லை என்னவென்றால், காருக்குள் மேடு ஒன்று அல்ல. ஹெட்டின் மேற்கூரை ஒரு மேடு. வளைந்து போகும் ஹோஸின் முதுகு ஒரு மேடு. டேஷ்போர்டுக்குப் பின்னால் ‘ஹீட்டர் கோர்’ எனப்படும் குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. குளிர்நாடுகளில் காருக்குள் சூடு தருவது அதுதான். நம் ஊர்க் காரிலும் அது உண்டு, நாம்தான் அதன் பக்கம் போவதில்லை. பல கார்களில் அதுவும் உயரமான ஒரு மேடு. காலையில் கேட்ட களகளப்பு அங்கிருந்து வந்ததுதான்.

கவிழ்த்த ‘ப’ போன்ற ஒரு குழாயின் மேல் வளைவில் காற்று தங்கிவிட்டால், இரண்டு பக்கமும் திரவம் நின்று அதைக் காவல் காக்கும். கூலன்ட் ஓடுவதற்கு வேறு சுலபமான பாதை இருக்கும்வரை இந்தப் பாதையைத் திரும்பியும் பார்க்காது. இதுதான் ‘ஏர் லாக்’.

கார் பிறந்த காலத்தில் இந்தத் தொல்லையே இல்லை. 1888இல் பெர்த்தா பென்ஸ் தன் இரு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு ஓட்டிச் சென்ற காரில் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போவதே குளிர்விக்கும் முறை. வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் ஊற்றினார். திறந்த பாத்திரத்தில் காற்றுக்கு என்ன தடை? 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி கார்களில் மிகப் பெரும்பாலானவற்றில் பம்ப்பே கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலேறும், ரேடியேட்டரில் ஆறித் தானாகக் கீழிறங்கும். மேல் ஹோஸின் வாய்க்குக் கீழே தண்ணீர் மட்டம் இறங்கினால் மட்டும் அந்தச் சுற்று அறுந்துபோகும். பின்னால் பம்ப் வந்தது, அழுத்தம் தாங்கும் மூடி வந்தது, குழாய்கள் மூலை முடுக்கெல்லாம் நுழைந்தன. பாத்திரத்தை இறுக மூடிய பிறகுதான் குமிழிகள் உள்ளே சிறைப்பட்டன. அவற்றை விடுவிக்கப் பொறியாளர்கள் செய்த வேலைகள்தான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

ஒரு சிறு ஊசியிலிருந்து தொடங்குகிறேன். எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ‘தெர்மோஸ்டாட்’ என்ற கதவு உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியிருந்து, அது சீக்கிரம் சூடேற உதவும். உள்ளே ஒரு பித்தளைக் குப்பியில் மெழுகு. 85 டிகிரியை ஒட்டி மெழுகு உருகிப் பருக்கும்போது ஒரு தண்டைத் தள்ளிக் கதவைத் திறக்கும். மின்சாரம் வேண்டாம், கணினி வேண்டாம். 1930களில் உருவான இந்த ஏற்பாடு இன்றும் ஓடுகிறது. ஆனால் கூலன்ட் ஊற்றும்போது எஞ்சின் குளிர்ந்திருக்கிறது, கதவு மூடியிருக்கிறது. உள்ளே இருக்கும் காற்று எப்படி வெளியேறும்? மெழுகுக் குப்பியைச் சுற்றிக் காற்று நின்றால் சூடு சரியாக எட்டாமல், திறக்க வேண்டிய நேரத்தில் கதவு திறக்காமலும் போகலாம்.

அதற்காகத் தெர்மோஸ்டாட்டின் விளிம்பில் ஒரு துளை போட்டார்கள். துளை திறந்தே இருந்தால் கூலன்ட் கசிந்து எஞ்சின் சூடேறத் தாமதமாகும். எனவே துளைக்குள் தொளதொளவென்று ஆடும் ஒரு குட்டி ஊசியைத் தொங்கவிட்டார்கள். திரவம் ஊற்றும்போது ஊசி சும்மா ஆடிக்கொண்டிருக்கும், காற்று அதை உரசிக்கொண்டு நழுவிவிடும். எஞ்சினைக் கிளப்பியதும் பம்ப்பின் அழுத்தம் ஊசியைத் தள்ளித் துளையை அடைத்துவிடும். காற்றுக்கு வழி, கூலன்ட்டுக்குத் தடை. அரிசி மணியளவு உலோகத் துண்டு ஒரு காவலாளி வேலையைப் பார்க்கிறது. ஒரே நிபந்தனை: தெர்மோஸ்டாட்டை மாட்டும்போது அந்த ஊசி மேல்பக்கம் இருக்க வேண்டும். கீழ்ப்பக்கம் திருப்பி மாட்டிவிட்டால் காற்று மேலே, வழி கீழே. அப்புறம் எத்தனை முறை ஊற்றினாலும் பயனில்லை.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. வெறும் மூடி என்றுதான் நினைப்போம். உண்மையில் அதற்குள் இரண்டு வால்வுகள் இருக்கின்றன. ஒன்று, உள்ளே அழுத்தம் சுமார் 1 பார் கூடும்வரை ஸ்பிரிங்கால் அடைத்துப் பிடிக்கும். கார் டயரில் அடைக்கும் அழுத்தத்தில் ஏறத்தாழப் பாதி அது. பிரஷர் குக்கர்போல, இந்த அழுத்தத்தால் கூலன்ட் 125 டிகிரியைத் தாண்டினால்தான் கொதிக்கும். இரண்டாவது வால்வு எதிர்த்திசையில் திறக்கும்.

இந்த இரண்டும் சேர்ந்து செய்வது, மூச்சுவிடுவது போன்ற ஒரு வேலை. எஞ்சின் சூடேறும்போது 5 லிட்டர் கூலன்ட் ஒரு டம்ளர் அளவு பெருக்கிறது. இடம் போதாமல் அழுத்தம் ஏறி, முதல் வால்வு திறக்கிறது. மூடி இருப்பது உச்சியில், உச்சியில் நிற்பது காற்று. எனவே முதலில் வெளியேறுவது காற்றுதான். அது ஒரு சிறு குழாய் வழியே பக்கத்திலிருக்கும் பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் போகிறது. அந்தக் குழாயின் நுனி பாட்டிலில் இருக்கும் கூலன்ட்டுக்குள் மூழ்கியிருக்கும். காற்று குமிழியாக மேலே வந்து போய்விடும். இரவில் எஞ்சின் ஆறும்போது கூலன்ட் சுருங்கி, உள்ளே வெற்றிடம் உண்டாகி, இரண்டாவது வால்வு திறந்து பாட்டிலிலிருந்து உறிஞ்சுகிறது. குழாய் நுனி திரவத்துக்குள் இருப்பதால் இப்போது திரவம் மட்டுமே உள்ளே வரும். பகலில் காற்றை வெளியே விட்டு, இரவில் கூலன்ட்டை உள்ளே இழுக்கிறது கார். பாட்டில் காலியாகிவிட்டால் இதே ஏற்பாடு தலைகீழாகி, இரவுதோறும் காற்றைக் குடிக்கத் தொடங்கும். பாட்டிலில் இரண்டு கோடுகள் போட்டிருப்பது அதற்காகத்தான்.

புதிய கார்கள் பலவற்றில் அந்தப் பாட்டிலே அழுத்தத்துக்குள் வந்துவிட்டது. எஞ்சினின் உச்சியிலிருந்தும் ரேடியேட்டரின் உச்சியிலிருந்தும் மெல்லிய குழாய்கள் அதற்குள் வந்து ஊற்றிக்கொண்டே இருக்கும். இது எதற்கு என்பதைக் குமிழியின் வேகம் சொல்லும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள குமிழி, தண்ணீரில் நொடிக்கு அரை சென்டிமீட்டர்தான் மேலேறும். ஹோஸுக்குள் கூலன்ட் ஓடுவதோ நொடிக்கு ஒரு மீட்டர், அதற்கும் மேல். அந்த வெள்ளத்தில் குமிழி மேட்டைத் தேடவே முடியாது, இழுத்த பக்கம் போகும். பாட்டிலுக்குள் வந்ததும் ஓட்டம் தணிகிறது. ஆற்று வெள்ளம் ஏரிக்குள் வந்து நிதானப்பட்டதும் வண்டல் கீழே படிவதுபோல, இங்கே காற்று மேலே ‘படிகிறது’. தெளிந்த கூலன்ட் அடியிலிருந்து பம்ப்புக்குத் திரும்புகிறது.

கண்ணுக்குத் தெரியாத காற்றும் இருக்கிறது. அறைச் சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீருக்குள் இரண்டு தேக்கரண்டியாவது காற்று கரைந்திருக்கும். மீன்கள் மூச்சுவிடுவது அதனால்தான். அடுப்பில் வைத்த பாத்திரத்தின் ஓரங்களில், கொதிப்பதற்கு வெகுமுன்பே பொடிக் குமிழிகள் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சூடேறச் சூடேறத் தண்ணீர் அந்தக் காற்றை வெளியே தள்ளுகிறது. புதிதாக ஊற்றிய கூலன்ட்டும் முதல் சூட்டில் இதையே செய்யும். ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்பினாலும் காற்று உள்ளிருந்தே பிறக்கும் என்பதால்தான், ஒரே தடவையில் ‘ஏர் எடுத்து முடித்துவிட்டோம்’ என்று சொல்ல முடிவதில்லை.

இப்போது மெக்கானிக்கிடம் திரும்புவோம். காரின் முன்பக்கத்தைத் தூக்கியது, மற்ற மேடுகளைத் தாழ்த்தி ரேடியேட்டர் வாயையே உச்சி மேடாக்குவதற்கு. மெதுவாக ஊற்றியது, இறங்கும் திரவமும் ஏறும் காற்றும் ஒரே வாயில் முட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கு. ஹோஸைக் கறந்தது, முதுகு வளைவில் தங்கிய குமிழியை உடைத்து நகர்த்துவதற்கு. ஹீட்டரை முழுச் சூட்டில் வைப்பதும் உண்டு, சில கார்களில் அந்தக் கிளையின் வால்வு அப்போதுதான் திறக்கும் என்பதால். சில எஞ்சின்களில் உச்சியில் ஒரு சிறு திருகு இருக்கும். அதைத் தளர்த்தினால் முதலில் புஸ்ஸென்று காற்று, பிறகு நுரை, பிறகு அறுபடாத தாரை. தாரை வந்ததும் இறுக்கிவிடுவார். மருத்துவமனையில் டிரிப் ஏற்றும் முன் செவிலியர் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றும்போது காத்திருப்பதும் இதே அறுபடாத தாரைக்குத்தான்.

நடுவில் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதித்துப் பிடிப்பாரே, அதற்கும் கணக்கு உண்டு. மையவிலக்கு பம்ப்பின் வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். 800 சுற்றிலிருந்து 2,400 சுற்றுக்கு ஏற்றினால் ஒன்பது மடங்கு. சும்மா ஓடும்போது அசையாமல் நின்ற ஏர் லாக், அந்தத் தள்ளலில் பெயர்ந்துவரும். பி.எம்.டபிள்யூவின் என்52 வகை எஞ்சினில் வாட்டர் பம்ப் மின்சாரத்தில் ஓடுவதால், எஞ்சினைக் கிளப்பவே வேண்டாம். இக்னிஷனைப் போட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஆக்ஸிலேட்டரைப் பத்து நொடி அடிவரை மிதித்தால் போதும். பம்ப் சுமார் 12 நிமிடம் வேகத்தை மாற்றி மாற்றி ஓடித் தன் காற்றைத் தானே எடுத்துக்கொள்ளும்.

இன்னும் சாமர்த்தியமான வழி, காற்றைத் துரத்தாமல் முதலிலேயே உறிஞ்சி எடுத்துவிடுவது. கம்ப்ரஸர் காற்றை ஒரு குறுகிய துவாரத்தின் வழியே சீறவிட்டால், அதன் பக்கவாட்டில் அழுத்தம் குறைந்து இழுவிசை உண்டாகும். பெயின்ட் அடிக்கும் ஸ்பிரே கன்னில் பெயின்டை இழுப்பது அதுதான். அந்த இழுவையை ரேடியேட்டர் வாயில் பொருத்தினால், உள்ளிருக்கும் காற்றில் பத்தில் ஒன்பது பங்கு வெளியேறி, ஹோஸ்கள் உறிஞ்சி முடித்த ஜூஸ் பாக்கெட்போல ஒட்டிப்போகும். சில நிமிடம் அப்படியே விட்டு, வெற்றிடத்தைக் காட்டும் மீட்டரின் முள் நகராவிட்டால் எங்கும் கசிவில்லை என்று தெரிந்துவிடும். பிறகு குழாயைக் கூலன்ட் கேனில் விட்டுத் திறந்தால், வெற்றிடம் திரவத்தை மூலை முடுக்கெல்லாம் இழுத்துக்கொள்ளும். மேடும் பள்ளமும் அங்கே ஒரு பொருட்டில்லை.

எல்லாம் சரியாகச் செய்தும் காற்று மறுபடி மறுபடி வந்தால், அது வெளியிலிருந்து வராமல் எஞ்சினுக்குள்ளிருந்தே வரலாம். ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ‘ஹெட் கேஸ்கெட்’ பிய்ந்து, எரியும் வாயு கூலன்ட்டுக்குள் கசிந்துகொண்டிருக்கும். நீல நிறத் திரவம் உள்ள ஒரு சோதனைக் குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்து அங்கிருக்கும் காற்றை அதன் வழியே இழுப்பார்கள். எரிந்த வாயுவின் கார்பன் டை ஆக்ஸைடு பட்டால் நீலம் மஞ்சளாகும்.

உங்கள் காருக்குக் கூலன்ட் மாற்றியிருந்தால் ஒன்று செய்யுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே தொடாதீர்கள். அழுத்தம் விட்ட கணத்தில் 110 டிகிரித் திரவம் கொதித்து முகத்தில் அடிக்கும். அடுத்த இரண்டு மூன்று நாள், எஞ்சின் முழுக்க ஆறிய காலை நேரத்தில், மூடியைத் திறக்காமலே பாட்டிலின் மட்டத்தைப் பாருங்கள். இரண்டு விரல் இறங்கியிருந்தால் பதற வேண்டாம். அந்த அளவு காற்று உள்ளிருந்து வெளியேறியிருக்கிறது. கோடு வரை அதே வகைக் கூலன்ட்டை ஊற்றி வையுங்கள். ஒரு வாரம் கழித்தும் இறங்கிக்கொண்டே இருந்தால், அது கசிவு. அன்றே ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போங்கள்.